ஏழரை

மலிவான டிக்கெட்.
மலிவுக்குக் காரணம் அடியில் எறும்பெழுத்தில்:
கையோடு ஏழு கிலோ.
மீறினால் கிலோவுக்கு அவர்கள் கேட்கும் விலைக்கு
முதுநகர் மார்க்கெட்டில் வஞ்சிரமே வாங்கலாம்.

நான் கட்டியது கொஞ்சந்தான்.
மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது.
"கோலாலம்பூர்ல எங்க வேம்புலிகிட்ட குடுத்துடு,
சின்னப் பொட்டலம்."
அந்தச் 'சின்ன'வுக்கு மட்டும் அரைக்கிலோ.

வீட்டில் தராசு கிடையாது.
ரயிலடி மெஷின் எல்லோருக்கும்
ஒரே எடையும் ஒரே அதிர்ஷ்டமும் தரும்.
பெட்டியை ஆட்டோவில் ஏற்றித்
துறைமுகத்துக்குப் போனேன்,
அஞ்சலாட்சியின் மீன் தராசுக்கு.

ஏலம் முடிந்தும் தரை காயவில்லை.
சங்கராவைக் கூடைக்குத் தள்ளிவிட்டு
"வை" என்றாள்.
பத்து கிலோ நூறு கிராம்.

முந்திரி ஒரு கிலோ எடுத்தேன், பண்ருட்டி முழுப்பருப்பு.
வேம்புலியின் பொட்டலம் எடுத்தேன்.
இன்னொரு ஜோடிச் செருப்பு, அதுவும் அரைக்கிலோ.
அப்புறம், துணிக்கடியில் கிடந்த
மஞ்சக்குப்பம் கோர்ட்டுக் கட்டு, அறுநூறு கிராம்.
பதினேழு வாய்தா, நாற்பத்திரண்டு தாள்,
தீர்ப்பு வந்தே மூன்று மாதம் ஆகிறது.
எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தது.

மறுபடி ஏற்றினோம்.
சிவப்பு எண்கள் தயங்கி நின்றன.
"ஏழரை" என்றாள் அஞ்சலாட்சி.
"ஜாதகத்துலயும் நடக்குதா, பெட்டியில மட்டுந்தானா?"
பக்கத்துக் கடைகளெல்லாம் சிரித்தன,
ஐஸ் உடைக்கிற பையன்கூட.

இனி எடுக்க உடுப்புதான் மிச்சம்.
இரண்டு சுடிதாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாமா
என்று நான் கணக்குப் பார்க்கையில்
அவள் பெட்டியைக் கவிழ்த்தாள்.
கூடைமேல் பாலித்தீன் விரித்து எல்லாவற்றையும் கொட்டி
வெறும் பெட்டியை வைத்தாள்.
இரண்டு எண்ணூற்றைம்பது.
சக்கரம், கைப்பிடி, எண்பூட்டு.
"நண்டுதான் ஓட்டோட எடை போடணும்.
ஒனக்கென்ன?"

தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை,
ஒரு காது பிரிந்திருந்தது.
வலை நரம்பால் தைத்துக் கொடுத்தாள்.
இருநூறு கிராம்.
முந்திரி திரும்ப ஏறியது.
வேம்புலி பிழைத்தான்.
ஆறு முந்நூற்றைம்பது.

கட்டுக்கும் இடம் இருந்தது.
அதற்கென்றே அளந்து விட்டதுபோல் இருந்தது.

போனைத் தராசில் வைத்தேன்: நூற்றுத் தொண்ணூறு.
மீன்பெட்டிமேல் உட்கார்ந்து
ஒவ்வொரு தாளாய்ப் படம் எடுத்தேன்.
ஒன்பதாம் தாளில் ஒரு பொய் இருந்தது, அதை இரண்டு முறை.
நாற்பத்திரண்டும் முடித்து மறுபடி வைத்தேன்.
நூற்றுத் தொண்ணூறு.

அஞ்சலாட்சி எதுவும் கேட்கவில்லை.
தாளை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.
"மொத்தத் தாளு. கருவாடு மடிக்கலாம்."
"மடி" என்றேன்.
எனக்கான நெத்திலியைத்தான் முதலில் மடித்தாள்,
அறுநூறு கிராம்,
மேல்பக்கம் என் பெயர், மனுதாரர் என்று.

மீனம்பாக்கத்தில் கவுண்டர்ப் பெண்
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
"லக்கேஜ்?"
"இதான்."
ஆறு தொள்ளாயிரத்து ஐம்பது.
எண்ணைப் பார்த்தாள், மூக்கைச் சுருக்கினாள்,
இன்னொரு முறை எண்ணைப் பார்த்தாள்.
மணத்துக்கு இன்னும் கட்டணம் வைக்கவில்லை போலிருக்கிறது.

தாராளமாய் இடம் வேண்டுமென்றால்
தனியாகக் கட்ட வேண்டும் என்றும்
அந்த எறும்பெழுத்தில் போட்டிருந்தது.
விமானம் ஏறும் வரிசையில்
எனக்கு முன்னால் ஓர் ஆள் இடம்,
பின்னால் இரண்டாள் இடம்.
ஒரு பைசா கட்டவில்லை.